பூமியின் காந்தக் கவசமும் ஜனங்களின் காசும்

(தொட்டியத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



நோட்டீசைப் பார்த்துவிட்டுப் பலர் என்னை வழியில் நிறுத்திக் கேலி செய்தார்கள். "என்ன தோழர், உர விலை, வாய்க்கால் மராமத்து எல்லாம் தீர்ந்து போய்விட்டதா? ஆகாயத்துக்குக் கிளம்பிவிட்டீர்களே!" என்றார்கள். தீரவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தை நானாகத் தேடிப் போகவில்லை. இதே தொட்டியம் பஸ் ஸ்டாண்டில், ஒரு டீக்கடையில், அது என்னைத் தேடி வந்தது.

2023 செப்டம்பர் 2-ம் தேதி, சனிக்கிழமை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 என்ற விண்கலம் கிளம்புவதை டீக்கடை டி.வி.யில் காட்டிக்கொண்டிருந்தார்கள். சூரியனைப் பார்க்கப் போகிற கலம். திட்டத்தின் இயக்குநர் நம் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி என்று சொன்னதும் கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் ஒரு வாழை விவசாயி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் தட்டவில்லை.

"தம்பி, இதுக்கு எம்புட்டுச் செலவு?" என்று கேட்டார்.

பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். ராக்கெட் செலவு நீங்கலாக சுமார் 378 கோடி ரூபாய்.

"சித்திரைக் காத்துல என்னோட பூவன் அறுநூறு மரம் குலையோட சாஞ்சுது. வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒத்தப் பைசா வரலை. சூரியனைப் பார்க்கறதுக்குக் காசு இருக்கு, எங்களைப் பார்க்கறதுக்கு இல்லையா? நீங்கதான் கட்சிக்காரராச்சே, சொல்லுங்க" என்றார்.

தோழர்களே, எனக்குப் பதில் வரவில்லை. "விஞ்ஞான வளர்ச்சி" என்று ஏதோ ஆரம்பித்து டீயைக் குடித்து மழுப்பினேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். காந்தம் என்றால் பள்ளிக்கூடத்தில் ஆணி பொறுக்கிய லாடக் காந்தம்தான் ஞாபகம். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வி விடவில்லை. ஒரு கல்லூரி ஆசிரியரைப் பிடித்து, அவர் கொடுத்ததைப் படித்து, புரியாததை நாலு தரம் கேட்டு, இன்று அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலோடு வந்திருக்கிறேன். அவரும் முன்வரிசையில் இருக்கிறார்.

காவேரியில் நிற்கும் தூண்

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். சூரியன் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்புவதில்லை. மின்சாரம் ஏறிய துகள்களை நாலா பக்கமும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். சாதாரண நாளில் இதன் வேகம் விநாடிக்கு சுமார் 400 கிலோமீட்டர். நம் பூமி ஒரு பெரிய காந்தம். அந்தக் காந்தத்தின் பிடி பூமியோடு நிற்காமல் ஆகாயத்தில் வெகுதூரம் பரவியிருக்கிறது. சூரியக் காற்று அதன் மேல் வந்து மோதுகிறது.

முசிறிப் பாலத்தில் நின்று காவேரி வெள்ளத்தைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். தண்ணீர் வந்து தூணில் மோதுகிறது, எதிர்ப் பக்கம் குவிகிறது, இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது, தூணுக்குப் பின்னால் நீளமாக ஒரு வால் போலச் சுழிக்கிறது. அதேதான் அங்கேயும். சூரியனைப் பார்த்த பக்கம் பூமியின் காந்த மண்டலம் அமுங்கி சுமார் 65 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. மறுபக்கம் வால் சந்திரனையும் தாண்டி நீளுகிறது. இந்தத் தூண் இருப்பதால்தான் வெள்ளம் நம் மேல் நேராகப் பாயவில்லை.

ஆனால் ஆற்றில் எப்போதும் ஒரே அளவு தண்ணீரா வருகிறது? சில சமயம் சூரியன் கோடிக்கணக்கான டன் பொருளை ஒரே மூச்சில் உமிழ்கிறது. ஒரு நாளிலோ மூன்று நாளிலோ அது இங்கே வந்து மோதும். காந்த மண்டலம் ஆடிப்போகும். இதைக் காந்தப் புயல் என்கிறார்கள்.

ஆடினால் நமக்கென்ன? சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? காந்தம் அசைந்தால் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் பிறக்கும். பூமியின் காந்தமே அசைந்தால் நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் ஓடும். 1989 மார்ச் 13-ம் தேதி கனடாவில் கியூபெக் மாகாணத்தில் இதுதான் நடந்தது. ஒன்றரை நிமிஷத்தில் மாகாணத்தின் மின்சாரம் முழுவதும் விழுந்தது. 60 லட்சம் பேர் குளிரில் சுமார் 9 மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். 2022 பிப்ரவரியில் ஒரு தனியார் கம்பெனி விட்ட 49 செயற்கைக்கோள்களில் 38, பெரிதும் அல்லாத ஒரு காந்தப் புயலினால் கீழே இறங்கி எரிந்து போயின. 2024 மே 10, 11 தேதிகளில் வந்தது பெரிய புயல். லடாக்கில் ஹான்லேயிலேயே வானம் சிவந்து தெரிந்தது. அதே நாட்களில் அமெரிக்காவில் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த விவசாயிகளின் டிராக்டர்கள் வழி தெரியாமல் நின்றன. அங்கே டிராக்டர் செயற்கைக்கோள் சொல்லும் கோட்டில் ஓடுகிறது. கோடு அடிக்கணக்கில் நகர்ந்தால் விதைப்பு என்ன ஆகும்?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கியூபெக் மாதிரி ஆபத்து துருவப் பக்கம் அதிகம், நம் பக்கம் குறைவு என்றுதான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பயமுறுத்திக் காசு வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் நமக்கென்று ஒரு தனித் தொந்தரவு உண்டு. பூமியின் காந்த மத்திய ரேகை நம் தென்கோடியில், திருநெல்வேலிக்கு அருகே போகிறது. அந்த ரேகையின் மேலே, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில், பகல் முழுவதும் ஒரு மின்சார ஆறு ஓடுகிறது. சூரியன் மறைந்த பிறகு அதற்கும் மேலே உள்ள அடுக்குகளில், உலை கொதிப்பது போல் குமிழ்கள் கிளம்புகின்றன. அந்தக் குமிழ்களைத் தாண்டி வரும் ரேடியோ அலை தடுமாறும். கடலில் போகிற நம் மீனவர் கையில் இருக்கும் வழிகாட்டிக் கருவிக்கும், விமானத்துக்கும் வருவது இந்த அலைதான். விமானங்களுக்காக ககன் என்ற ஏற்பாட்டை நம் நாட்டில் செய்தபோது, அமெரிக்கக் கணக்கு இங்கே சரிப்படவில்லை. நம் வானத்துக்கென்று தனிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. அமெரிக்காக்காரன் தன் தலைக்கு மேல் இருப்பதைப் பார்க்கக் காசு போடுவான். நம் தலைக்கு மேல் இருப்பதை அவனா பார்ப்பான்?

கொலாபாவின் பேரேடு

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் பல உண்மைகள் வெளிவருகின்றன.

பம்பாயில் கொலாபா என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1826-ல் ஒரு வானாய்வு நிலையம் கட்டிற்று. கப்பல் ஓட்டத்தான். கப்பலுக்குத் திசைகாட்டி வேண்டும், திசைகாட்டிக்குக் காந்தக் கணக்கு வேண்டும். 1841-ல் காந்த அளவுகள் எடுக்க ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரன் நமக்காகச் செய்யவில்லை. ஆனால் வேலை சுத்தமான வேலை. நூலில் ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டு, அதில் ஒரு சிறு கண்ணாடியை ஒட்டி, தூரத்திலிருந்து டெலஸ்கோப் வழியாக அளவுகோலைப் பார்த்து, மணிக்கு மணி கண்ணால் பார்த்ததைக் கையால் பேரேட்டில் எழுதினார்கள். மழையானாலும் பண்டிகையானாலும் எழுதினார்கள். ஒவ்வொரு வரியிலும் ஏறக்குறைய ஒரே எண்தான். எத்தனை அலுப்பான வேலை!

1859 செப்டம்பர் 1-ம் தேதி இங்கிலாந்தில் காரிங்டன் என்பவர் சூரியனின் மேல் ஒரு பெரிய வெடிப்பைக் கண்டார். சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் புயல் பூமியைத் தாக்கிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. கியூபாவில்கூட வானத்தில் வர்ணஜாலம் தெரிந்தது. பல நாடுகளில் கருவியின் முள் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டதால் அளவே கிடைக்கவில்லை. கொலாபாவில் இருந்தவர்கள் காந்தம் தாறுமாறாக ஆடுவதைப் பார்த்ததும் மணிக்கொரு முறை என்பதை விட்டு, சில நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதத் தொடங்கினார்கள். செப்டம்பர் 2-ம் தேதி காந்தத்தின் வலிமை சுமார் 1,600 நானோடெஸ்லா இறங்கியது என்று அந்தப் பேரேடு சொல்கிறது. நம் பக்கத்தில் அந்த வலிமை மொத்தமே 40 ஆயிரம் சொச்சம். 2024 மே மாதப் புயலில் இறங்கியது இதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். அப்படியானால் 1859 எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேரேடு எப்போது பயன்பட்டது? 144 வருஷம் கழித்து! 2003-ல் இந்தியப் புவிக்காந்தவியல் நிலையத்தைச் சேர்ந்த லகினாவும் அலெக்ஸும் அமெரிக்க, பிரேசில் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, அந்த எண்களை எடுத்து, புயல் எத்தனை பெரியது என்று கணக்கிட்டார்கள். இன்று உலகத்தில் எந்த நாட்டு மின்வாரியமும், மிக மோசமான புயல் வந்தால் எவ்வளவு என்று கணக்குப் போடும்போது, பம்பாயில் பெயர் தெரியாத ஒருவர் ராத்திரி கண் விழித்து எழுதிய அந்த எண்ணிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

எந்த முதலாளி 144 வருஷம் கழித்து லாபம் வரும் என்று இன்றைக்கு முதல் போடுவான்? பேரன் காலத்துக்குக்கூடப் போடமாட்டான். என் பேச்சின் மையம் இதுதான். அதனால் இன்னும் ஒரு கதை சொல்கிறேன்.

பம்பாயில் குதிரை டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதை மின்சார டிராமாக மாற்ற வேண்டும் என்று வந்தது. மின்சார டிராம் ஓடினால் கொலாபாவின் காந்த அளவு கெட்டுப்போகும். அப்போது நிலையத்தின் தலைவர் நானாபாய் மூஸ், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவர் டிராமை எதிர்த்து மறியல் செய்யவில்லை. ஜனங்களுக்கு டிராம் வேண்டும், சரி. ஆனால் அளவும் அறக்கூடாது. பம்பாய்க்குத் தெற்கே அலிபாகில் இரும்பு கலக்காத கட்டடம் கட்டி, 1904 முதல் அங்கே அளவெடுத்தார். உடனே கொலாபாவை மூடவில்லை. இரண்டு வருஷம் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து, இதற்கும் அதற்கும் வித்தியாசம் எவ்வளவு என்று ஒட்டுப் போட்டு, 1906-ல்தான் பழையதை நிறுத்தினார். மின்சார டிராம் 1907-ல் ஓடிற்று. ஆகவே இன்று நம்மிடம் 1840-களிலிருந்து ஏறக்குறைய அறாத ஒரே கணக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆட்சியில், ஒரு பார்சிக்காரர் பிடிவாதத்தால், வியாபாரமே விஞ்ஞானத்துக்காக வரிசையில் நின்றது! நம் சொந்த ஆட்சியில் இதைச் செய்ய முடியாதா?

குண்டுக்காரர்கள் வந்த கதை

1957, 58 ஆண்டுகளை சர்வதேச பூபௌதிக ஆண்டு என்று கொண்டாடினார்கள். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பூமியை அளந்தன. நம் நாட்டில் அண்ணாமலை நகரிலும் திருவனந்தபுரத்திலும் புதிதாகக் காந்த நிலையங்கள் வந்தன. கொடைக்கானலில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டிலேதான் அக்டோபர் 4-ம் தேதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விட்டது. அது நம் எல்லோருக்கும் பெருமை.

ஆனால் ஒரு விஷயத்தை நம் மேடைகளில் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சுற்றிக் காந்தப் பிடியில் அகப்பட்ட துகள்களின் வளையம் இருக்கிறது. 1957 நவம்பரில் போன இரண்டாவது ஸ்புட்னிக்கில் அதை அளக்கக்கூடிய கருவியை வெர்னோவ் என்ற சோவியத் விஞ்ஞானி வைத்திருந்தார். வளையம் வலுவாக இருந்த பகுதியில் வந்த சமிக்ஞைகள் ஆஸ்திரேலியாவில் பதிவாயின. ஆனால் அந்தச் சமிக்ஞையைப் படிக்கும் முறையைச் சோவியத் தரப்பு வெளியிடவில்லை. ஆகவே ஆஸ்திரேலியாக்காரர்களும் பதிவைக் கொடுக்கவில்லை. வீட்டிலே நெல்லை வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த கதை! 1958 மே 1-ம் தேதி, நம் மே தினத்தன்று, அமெரிக்காவின் வான் ஆலன் தம் கருவிகள் கண்டதை அறிவித்தார். வளையத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரகசியம் என்று பூட்டினால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு இது ஒரு பாடம்.

அமெரிக்கா மட்டும் என்ன செய்தது? கண்டுபிடித்த மை காய்வதற்குள், அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பரில், அந்த வளையத்திலேயே துகளை அடைத்துப் பார்க்கலாமா என்று தென் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே ரகசியமாக அணுகுண்டுகளை வெடித்தார்கள். 1962 ஜூலை 9-ம் தேதி பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு ஹைட்ரஜன் குண்டு. விளைவு, பல செயற்கைக்கோள்கள் கெட்டன. அதில் ஒன்று அவர்களுடைய நண்பன் பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள். அந்த ஆண்டு அக்டோபரில் சோவியத்தும் கஜகஸ்தானுக்கு மேலே வெடித்துப் பார்த்தது. 1963-ல் தடை ஒப்பந்தம் வந்த பிறகுதான் இது ஓய்ந்தது. காசு ராணுவக் கஜானாவிலிருந்து வந்தால் விஞ்ஞானம் எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரிகிறதல்லவா?

நம் நாட்டில் நடந்தது வேறு. காந்த மத்திய ரேகைக்குப் பக்கம் என்பதற்காகவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மீனவர்கள் தங்கள் குடியிருப்பையும் மாதா கோயிலையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21-ம் தேதி முதல் ராக்கெட் போயிற்று. ராக்கெட் அமெரிக்காவுடையது; பிரான்சும் சோவியத்தும் உதவின. அடுத்த ஜனவரியிலேயே ராக்கெட்டில் காந்தமானி வைத்து, நான் சொன்ன அந்த மின்சார ஆற்றை நேரில் போய் அளந்தார்கள். பிறகு சோவியத்தின் எம்-100 ராக்கெட்டுகள் வாரந்தோறும் போய்க்கொண்டிருந்தன. சோவியத் வீழ்ந்ததும் 1990-களின் தொடக்கத்தில் அது நின்றது. அடுத்தவர் தயவில் நடக்கும் அளவு அடுத்தவர் வீட்டில் விளக்கு அணைந்ததும் நின்றுவிடும்.

கோலார் குழாய்கள்

இப்போது ஊட்டிக்கு வருவோம். தேயிலைத் தொழிலாளர் கூட்டத்துக்கு ஊட்டி போனபோது முத்தோரை மலைச்சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியை ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. நான் சொல்ல வருவது அதைப் பற்றியல்ல, அதே ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிலையம் ஜப்பான் விஞ்ஞானிகளோடு சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற நிலையத்தைப் பற்றி.

கோலார் தங்க வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுரங்கத்தின் அடியில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1980-களில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். அதற்கு ஆயிரக்கணக்கான இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். தங்கம் குறைந்து சுரங்கம் மூடும் நிலை வந்ததும் சோதனையும் நின்றது. வேறு நாடாக இருந்தால் குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். இவர்கள் அவற்றை மேலே ஏற்றி, ஊட்டிக்குக் கொண்டுவந்து, திரும்பச் செப்பனிட்டு, 3,712 குழாய்களை அடுக்கி, மேலே கான்கிரீட்டைப் போட்டு, விண்வெளியிலிருந்து வரும் துகள்களை எண்ணும் கருவியாக்கினார்கள். 560 சதுர மீட்டர். உலகத்தில் இந்த வகையில் பெரிய கருவிகளில் ஒன்று. மற்ற பல உறுப்புகளையும் வெளிநாட்டில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று தங்கள் பட்டறையிலேயே செய்துகொண்டார்கள்.

2015 ஜூன் 22-ம் தேதி ஒரு பெரும் காந்தப் புயல் மோதியது. அன்று இரண்டு மணி நேரம் ஊட்டிக் குழாய்களில் துகள் எண்ணிக்கை வழக்கத்துக்கு மேல் ஏறியது. காந்தக் கவசம் அமுங்கி, சற்று நேரம் தளர்ந்து, வழக்கமாகத் தடுக்கப்படும் துகள்கள் உள்ளே நுழைந்தன என்பது அவர்கள் போட்ட கணக்கு. 2016-ல் அது வெளியானபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. என் மனசில் நின்றது வேறு. ஒரு சுரங்கத் தொழிலாளி தங்கம் எடுக்கப் போன குழிக்குள் கிடந்த குழாய், மலை மேலே ஏறி, பூமியின் கவசத்தில் விழுந்த விரிசலைப் பார்த்திருக்கிறது! சிக்கனம் எப்படி என்று இவர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை.

முட்டுக் கொடுப்பது எப்போது?

இப்படிப்பட்ட வேலைக்கு இன்று காசு எப்படி வருகிறது? இந்தியா தன் உற்பத்தியில் ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது 2020-21 கணக்குப்படி 0.64 சதவிகிதம். சீனா 2.4-க்கு மேல், தென்கொரியா நாலரைக்கும் மேல். 2 சதவிகிதம் ஆக்குவோம் என்று 2013-ல் கொள்கை எழுதினார்கள். எழுத்து எழுத்தாகவே இருக்கிறது.

2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்று முரசு கொட்டினார்கள். பிரித்துப் பாருங்கள். அதில் 36,000 கோடி சர்க்கார் பட்ஜெட்டுக்கு வெளியே, கம்பெனிகள், நன்கொடையாளர்கள் முதலியோரிடமிருந்து வர வேண்டும். 2025 ஜூலை 1-ம் தேதி மந்திரிசபை இன்னொரு திட்டத்தை ஒப்புக்கொண்டது. 1 லட்சம் கோடி. அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்ட காலக் கடன். தனியார் புதிது புதிதாகச் செய்யட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ராக்கெட் செய்ய ஒரு கம்பெனி வரும், விற்கலாம். செயற்கைக்கோள் செய்ய வரும், அதையும் விற்கலாம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் ராப்பகலாகக் காந்தத்தை அளந்து எழுதுகிற பேரேட்டை யார் வாங்குவார்? எந்தக் கம்பெனி அதற்குக் கடன் வாங்கி, எதை விற்று அடைக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் சொல்ல மாட்டேன், படிக்கிற இடமும் சொல்ல மாட்டேன். முசிறிப் பக்கத்துப் பெண். தாயார் கோரைப்பாய் நெய்கிறார். பெண் மேல்வானத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதுவும் டில்லி வரை போய்ப் போராடித்தான் கிடைத்தது. ஆனால் உயர்த்திய தொகை ஆறு மாதம் இவளுக்கு வரவில்லை. தாயார் மகளிர் குழுவில் கடன் வாங்கி விடுதிக்குக் கட்டினார். பாய் நெய்த கூலி ஆகாய ஆராய்ச்சியைத் தாங்கிற்று என்று சொன்னால் அலங்காரப் பேச்சு இல்லை, கணக்கு.

அவள் வருத்தப்பட்டது அதற்குக்கூட இல்லை. "மாமா, கருவியில் ஒரு சின்ன உறுப்பு போயிற்று. சில ஆயிரம் ரூபாய்தான். கையெழுத்து ஆகி வர 11 நாள் ஆச்சு. அந்த 11 நாள் பதிவு இல்லை. கடனை அப்புறம் அடைச்சுக்கலாம். அந்த 11 நாளை எங்கே போய் வாங்குறது?" என்றாள்.

கொலாபாவில் 1859 செப்டம்பரில் அப்படி ஒரு 11 நாள் விட்டுப்போயிருந்தால்?

இப்போது வாழை அண்ணனுக்கு என் பதில். அண்ணே, நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். உங்கள் அறுநூறு மரத்துக்கு நஷ்ட ஈடு வந்தே தீர வேண்டும். அதற்காக மனு எழுதியது நான்தான், மறியலுக்கு வந்ததும் நாம் எல்லோரும்தான். ஆனால் உங்கள் காசை ஆதித்யா எடுத்துக்கொண்டு போகவில்லை. 378 கோடியை 140 கோடி ஜனத்துக்குப் பங்கிட்டால் தலைக்கு 2 ரூபாய் 70 காசு. ராக்கெட் செலவைச் சேர்த்தாலும் 5 ரூபாயைத் தாண்டாது. கடையில் உங்கள் பூவன் பழம் ஒன்று அதைவிட அதிகம் விற்கிறது, அதில் உங்களுக்கு வருவது எவ்வளவு என்பது வேறு கதை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22-ஆகக் குறைத்தார்கள். அதனால் ஒரு வருஷத்தில் சர்க்காருக்குப் போகும் வருமானம் 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி என்று நிதி மந்திரியே சொன்னார். அதில் 380-க்கும் மேற்பட்ட ஆதித்யா விடலாம். இல்லை, ஆகாயமே வேண்டாம் என்றால் இந்தக் காவேரிக் கரையில் சாய்ந்த வாழை அத்தனைக்கும் நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு மீதியை என்ன செய்வது என்று யோசிக்கலாம். கஜானாவில் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல், நீங்களும் அந்தப் பாய்க்காரம்மா மகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வது யாருக்குச் சௌகரியம்?

இன்னொன்றும் உங்களிடமே கேட்கிறேன். வாழைக்கு முட்டு எப்போது கொடுப்பீர்கள்? காற்று அடித்த பிறகா?

என் பேச்சு இவ்வளவுதான். ஆசிரியர் ஒரு காந்த ஊசியை எடுத்து வந்திருக்கிறார், மேஜை மேல் வைத்திருக்கிறார். பிள்ளைகள் முன்னால் வந்து பார்க்கலாம், செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள், ஊசி ஆடும். கேள்விகளை இப்போது கேட்கலாம். முதல் கேள்வியை வாழை அண்ணனே கேட்கட்டும், எழுந்துவிட்டார்.